எல்லாம் எழுதி வைத்ததா? விதி பற்றி ஓர் எளிய விளக்கம்

ஈரோட்டுப் பக்கமோ தாராபுரம் பக்கமோ ஓர் இழவு வீட்டுப் பந்தலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் இந்த வாதம் தானாகவே காதில் விழும். "அவருக்கு எழுதுனது அவ்வளவுதானுங்க" என்பார் ஒருவர். "நேரத்துல ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருந்தாப் பொழைச்சிருப்பாருங்க" என்பார் அடுத்த நாற்காலிக்காரர். முதலில் பேசியவரே சற்று நேரம் கழித்து, "பீடிய விடுங்க மாமான்னு எத்தன தடவ சொன்னேன், கேட்டாரா?" என்று ஆதங்கப்படுவார். ஆயுள் எழுதி வைத்ததுதான் என்றால் பீடி என்ன செய்துவிட முடியும்? அதை யாரும் கேட்பதில்லை. கேட்கிற இடமும் அதுவல்ல.

தொழிலிலும் இதே கதைதான். பனியன் கம்பெனி நன்றாக ஓடினால் 'ராத்திரி பகலா உழைச்சான்'. ஆர்டர் நின்று, வங்கி நோட்டீஸ் வந்தால் 'நேரம் சரியில்லை'. லாபம் நம் கணக்கில், நட்டம் கிரகத்தின் கணக்கில்.

இதை வேஷம் என்று சொல்லிவிட முடியாது. விதி என்று பேசும்போது வெவ்வேறான நான்கைந்து கருத்துகளை ஒன்றாகச் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். அதில் ஒன்று உண்மையாகவும் இன்னொன்று பொய்யாகவும் இருக்கலாம். எனவே வாழ்க்கை முன்பே தீர்மானிக்கப்பட்டதா, நம் விருப்பப்படி நடக்கிறதா என்று கேட்பதற்கு முன்னால், எந்த விதியைப் பற்றிப் பேசுகிறோம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி அந்தப் பிரிக்கும் வேலைதான்.

## தோட்டத்தில் ஒரு போர்

கொங்கு நாட்டில் எல்லோருக்கும் பழக்கமான ஒன்றை எடுத்துக்கொள்வோம்: போர் போடுவது. திருச்செங்கோட்டு ரிக் வண்டிகள் இந்தியா முழுக்கப் போய் ஆழ்துளைக் கிணறு போடுகின்றன. நம் ஊரிலேயே 1000 அடி தாண்டுவது இப்போது ஆச்சரியமில்லை. நம் காலடியில் இருப்பது பெரும்பாலும் கெட்டிப் பாறை. அதில் தண்ணீர் இருப்பது விழுந்து கிடக்கும் விரிசல்களில்தான். விரிசலைத் தொட்டால் தண்ணீர் பீய்ச்சி அடிக்கும். தப்பினால் புழுதிதான் பறக்கும். ஒரு தோட்டத்தில் தண்ணீர் கொட்ட, வேலிக்கு அந்தப் பக்கத்துக்காரர் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

ஒரு விவசாயி 700 அடி வந்துவிட்டார். இன்னும் புழுதிதான். அடிக்கணக்கில் காசு ஏறிக்கொண்டிருக்கிறது. ஆழம் போகப் போக அடிக்கு ரேட்டும் கூடும். "என்னங்க பண்றது, நிறுத்திரலாமா, இன்னொரு நூறு பாக்கலாமா?" என்று வண்டிக்காரர் கேட்கிறார்.

இந்த ஒரு நிமிடத்துக்குள் நம் கேள்விகள் எல்லாமே இருக்கின்றன. 780 அடியில் விரிசல் இருக்கிறதா இல்லையா என்பது மனிதனே பிறப்பதற்கு முன்பு பாறை உருவானபோதே முடிந்துபோன காரியம். யாருடைய விருப்பமும் அதை மாற்றாது. விவசாயிக்கு அது தெரியாது. காலையில் உள்ளங்கையில் தேங்காயை வைத்து நீரோட்டம் பார்த்தவர் தனக்குத் தெரியும் என்றார். தண்ணீர் மேலே வருவது விரிசலை மட்டும் பொறுத்ததும் அல்ல, இவர் "போடுங்க" என்று சொல்வதையும் பொறுத்தது. கடைசியாக ஒன்று. இவர் "போடுங்க" என்பாரா, "போதும்" என்பாரா என்பதும் பாறை போலவே ஏற்கெனவே முடிவானதா?

முதல் மூன்றையும் பிரிப்பது சுலபம். நான்காவதுதான் இரண்டாயிரம் ஆண்டுகளாக ஆட்களைத் தூங்கவிடாமல் செய்கிறது.

## என்ன செய்தாலும் ஒன்றுதான் என்கிற விதி

விதிவாதம் என்பதற்கு இந்தக் கட்டுரையில் ஒரே பொருள்: நீங்கள் எதைச் செய்தாலும், செய்யாமல் விட்டாலும், முடிவு ஒன்றுதான். உங்கள் செயல் முடிவைத் தொடுவதே இல்லை. சாதாரணப் பேச்சில் 'எல்லாம் விதி' என்பது இதைத்தான் சொல்ல வருகிறது.

இதைப் போரில் பொருத்திப் பாருங்கள். 'தண்ணி விதிச்சிருந்தா, போர் போட்டாலும் போடாட்டியும் தொட்டி நிறையும்.' இப்படிச் சொல்கிற விவசாயியை நான் பார்த்ததில்லை. ஆனால் உடம்பு விஷயத்தில், படிப்பு விஷயத்தில், கல்யாண விஷயத்தில் இதே வாக்கியத்தைக் கூசாமல் சொல்கிறோம்.

பழைய கிரேக்கர்கள் இதற்குச் சோம்பல் வாதம் என்று பெயர் வைத்திருந்தார்கள். வாதம் இப்படிப் போகும். நோயிலிருந்து நீ பிழைப்பது விதி என்றால், வைத்தியரைக் கூப்பிட்டாலும் கூப்பிடாவிட்டாலும் பிழைப்பாய். சாவது விதி என்றால், கூப்பிட்டாலும் சாவாய். பிறகு வைத்தியர் எதற்கு? கி.மு. 3-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த கிறிசிப்பஸ் என்ற அறிஞர் இதற்கு ஒரு பதில் சொன்னார். பிழைப்பது விதிக்கப்பட்டிருந்தால், வைத்தியரைக் கூப்பிடுவதும் அதோடு சேர்த்தே விதிக்கப்பட்டிருக்கலாமே! வைத்தியர் இல்லாமல் அந்தப் பிழைப்பு நடக்காது. இதைச் சொன்னவர் விதியை மறுத்தவர் இல்லை என்பதுதான் வேடிக்கை. விதியை முழுமையாக நம்பியவரே சோம்பல் வாதத்தை ஏற்கவில்லை.

நம் ஊர் ஜோதிட நம்பிக்கையைக் கூர்ந்து பார்த்தால் அதுவும் விதிவாதம் இல்லை என்று தெரியும். கல்யாணம் தள்ளிப்போகிறது, ஜாதகத்தில் நாக தோஷம் என்கிறார்கள். உடனே குடும்பத்தோடு கொடுமுடிக்குக் கிளம்புகிறார்கள். காவிரியில் குளித்து, மகுடேசுவரர் கோயிலில் பரிகாரம் செய்துவிட்டு வருகிறார்கள். தோஷம் கல்லில் எழுதியதுபோல மாறாதது என்றால் பரிகாரம் வீண். பரிகாரம் பலிக்கும் என்றால் ஜாதகம் சொன்னது மாறக்கூடியது. கொடுமுடிக்கு பஸ் ஏறுகிறவர் அந்த நிமிடமே விதிவாதத்தைக் கைவிட்டுவிட்டார். ஜாதகத்தை அவர் தீர்ப்பாகப் பார்க்கவில்லை, எச்சரிக்கையாகப் பார்க்கிறார். ஜாதகம் மெய்யா பொய்யா என்பது வேறு விவாதம். ஜாதகம் பார்ப்பவர்கள் எல்லோரும் விதிவாதிகள் என்று பகுத்தறிவு பேசுகிறவர்கள் சொல்வது மட்டும் சரியில்லை.

உண்மையான விதிவாதத்துக்குப் பக்கத்தில் வருவது அண்ணன்மார் கதை. உடுக்கை அடித்து இரவிரவாகப் பாடப்படும் அந்தக் கதையில் பொன்னர், சங்கருக்கு 16 வயதுதான் ஆயுள் என்று பிறப்பதற்கு முன்பே வரத்தோடு சேர்த்துத் தீர்மானமாகிவிடுகிறது. கேட்பவர் எல்லோருக்கும் முடிவு தெரியும். ஆனாலும் நடுவில் பங்காளிகள் செய்யும் வஞ்சகத்தைப் பாடும்போது சனங்கள் பல்லைக் கடிக்கிறார்கள். 'விதிப்படிதானே செய்கிறார்கள், பாவம்' என்று யாரும் விட்டுவிடுவதில்லை. கதையில் கட்டப்பட்டிருப்பது கடைசிப் புள்ளி மட்டும். அதுவரை நடப்பதெல்லாம் ஆட்களின் செயல், அதற்கு அவர்களே பொறுப்பு. நம் சனங்கள் மனதுக்குள் வைத்திருக்கும் விதி பெரும்பாலும் இந்த மாதிரியானது: சாவு மட்டும் குறித்த தேதியில் வரும், மற்றது நம் கையில்.

இதுவரை சொன்னதைச் சுருக்கினால்: விதிவாதம் என்றால் நம் செயலுக்கு விளைவே இல்லை என்று பொருள். அதை வாயால் சொல்கிறவர்கள் ஏராளம். அதன்படி வாழ்கிறவர் அரிது.

## முன்கூட்டித் தெரிவது வேறு

காங்கேயம் பக்கத்தில் சிவன்மலை இருக்கிறது. முருகன் கோயில். அங்கே 'ஆண்டவர் உத்தரவுப் பெட்டி' என்று ஒரு கண்ணாடிப் பெட்டி உண்டு. ஏதோ ஒரு பக்தரின் கனவில் முருகன் வந்து ஒரு பொருளைச் சொல்லி, பெட்டியில் வைக்கச் சொல்வார் என்பது நம்பிக்கை. அவர் வந்து சொன்னதும் சாமியிடம் பூ கேட்டு, உத்தரவு கிடைத்தால் அந்தப் பொருளை வைப்பார்கள். அடுத்த பக்தருக்குக் கனவு வரும்வரை அது இருக்கும். மண், தண்ணீர் என்று என்னென்னவோ வந்திருக்கின்றன. தண்ணீர் இருந்த சமயத்தில்தான் சுனாமி வந்தது என்று இன்றும் சொல்வார்கள். பெட்டியில் என்ன இருக்கிறது என்பது இந்தப் பக்கத்துப் பத்திரிகைகளில் செய்தியாகவே வரும்.

பெட்டியின் பொருளுக்கு அர்த்தம் பெரும்பாலும் சம்பவத்துக்குப் பிறகுதான் துலங்குகிறது என்பதைக் கவனிக்க வேண்டும். அதை விடுங்கள். அது முன்கூட்டியே சரியாகச் சொல்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் பெட்டி சுனாமியை வரவழைத்தது என்று எந்தப் பக்தரும் சொல்லமாட்டார். அறிவிப்பது ஒன்று, ஆக்குவது இன்னொன்று. நீரோட்டம் பார்த்தவருக்கு உண்மையிலேயே தெரிந்திருந்தாலும், அவர் தெரிந்துகொண்டதால் பாறைக்குள் தண்ணீர் புகுந்துவிடவில்லை.

'கடவுளுக்கு எல்லாம் தெரியும், அப்படியானால் எனக்கு ஏது சுதந்திரம்?' என்ற பழைய கேள்விக்கு இது பாதிப் பதில். நான் நாளைக்கு என்ன செய்வேன் என்று ஒருவருக்குத் தெரிந்திருப்பது, நான் அதைச் செய்வதற்குக் காரணம் ஆகாது. தெரிந்தது நடந்தே தீரும் என்றால் வேறு வழி எனக்கு இருந்ததா என்ற மறுபாதி அப்படியே நிற்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் சிறையில் இருந்தபடி போயீத்தியஸ் என்ற ரோமானிய அறிஞர் இதற்கு ஒரு விடை எழுதினார்: கடவுளுக்கு நேற்று, நாளை கிடையாது, நாம் ஒருவர் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்ப்பதுபோல அவர் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்க்கிறார், பார்ப்பதால் அந்த ஆள் உட்காரவில்லை.

சில சமய மரபுகள் இதற்கும் மேலே போயின. முன்குறிப்பு என்பது, கடவுள் அறிவது மட்டுமல்ல, யாருக்கு மீட்பு என்பதை அவரே முன்னதாகத் தீர்மானித்துவிட்டார் என்ற கொள்கை. 16-ஆம் நூற்றாண்டில் கிறித்தவச் சமயச் சீர்திருத்தவாதி கால்வின் இதை மிகக் கறாராகச் சொன்னார். இஸ்லாத்தில் கத்ர், அதாவது இறைவன் வகுத்த விதி, பற்றி இதே தகராறு உண்டு. மனிதன் தன் செயலைத் தானே உண்டாக்குகிறான் என்றனர் முஃதஸிலாக்கள் என்ற பிரிவினர். செயலைப் படைப்பவன் இறைவன், மனிதன் அதை ஈட்டிக்கொள்கிறான் என்றனர் அஷ்அரிகள் என்ற இன்னொரு பிரிவினர். உலகத்தில் எங்கே போனாலும் இந்த வழக்கு முடியாமல் வாய்தாவில் இருக்கிறது.

## கர்மம் விதியின் மறுபெயரா?

இல்லை. நம் பக்கத்தில் இந்தக் குழப்பம்தான் அதிகம் என்பதால் கொஞ்சம் விரிவாகவே பார்க்கலாம்.

கொங்கு ஒரு காலத்தில் சமணம் செழித்த பூமி. விஜயமங்கலத்தில் 'நெட்டைக் கோபுரம்' என்று ஊரார் சொல்லும் சமணக் கோயில் இன்றும் நிற்கிறது. நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர் பெருந்துறைக்குப் பக்கத்துச் சீனாபுரத்துக்காரர் என்பது வழிவழியாக வரும் செய்தி. சமணர்கள் வினையை ஏதோ தெய்வக் கட்டளையாகப் பார்க்கவில்லை. நுண்ணிய துகள் போல உயிரில் வந்து ஒட்டிக்கொள்ளும் பொருளாகவே பார்த்தார்கள். செயலால் ஒட்டும், பலன் கொடுத்து உதிரும், தவத்தால் சீக்கிரமாகவும் உதிர்க்கலாம். ஆக, இன்று நீங்கள் செய்வது கணக்கில் ஏறுகிறது. எழுதுகிறவர் என்று தனியாக ஒருவர் இல்லை, நீங்களேதான்.

சைவ சித்தாந்தத்திலும் அடிப்படை இதுதான், ஆனால் வினைப் பயனைக் கூட்டுவிப்பவர் சிவன். அங்கே வினை மூன்று பங்கு: முன்பிறவிகளில் சேர்த்து இருப்பில் உள்ளது சஞ்சிதம், அதிலிருந்து இந்தப் பிறவிக்கு அனுபவிக்க வந்தது பிராரத்தம், இப்போது புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். சனங்கள் 'கர்மா' என்று சொல்லும்போது நடுவில் உள்ளதை மட்டும் நினைத்துக்கொண்டு மூன்றாவதை மறந்துவிடுகிறார்கள். மூன்றாவதை எடுத்துவிட்டால் கோட்பாடே விழுந்துவிடும். இன்றைய செயலுக்கு எடை இல்லை என்றால் நேற்றைய செயலுக்கு மட்டும் எப்படி எடை வந்தது?

கர்மத்தையும் மறுத்து, விதி ஒன்றே உண்டு என்று முழங்கிய கூட்டமும் ஒன்று இருந்தது. ஆசீவகர்கள். புத்தருக்கும் மகாவீரருக்கும் சமகாலத்தவரான மற்கலி கோசாலர் அவர்களின் தலைவர். உருட்டிவிட்ட நூல்கண்டு நூல் தீரும் வரை உருண்டு போவதுபோல, முட்டாளும் அறிவாளியும் தங்கள் பிறவிச் சுற்றைச் சுற்றி முடித்துத்தான் விடுபடுவார்கள், முயற்சியால் கூட்டவும் முடியாது குறைக்கவும் முடியாது என்று அவர் சொன்னதாகப் பௌத்த நூல் பதிவு செய்திருக்கிறது. எதிராளிகள் எழுதி வைத்த சாட்சி என்பதால் கொஞ்சம் தள்ளிவைத்தே படிக்க வேண்டும். ஆனால் பௌத்தர்களும் சமணர்களும் தங்களுக்குள் ஆயிரம் சண்டை இருந்தும் இந்த ஒன்றை எதிர்ப்பதில் ஒன்றாக நின்றார்கள். நமது சமய மரபுகளில் பெரும்பான்மை விதிவாதத்தை மறுத்தவை. 'நம்ம சாஸ்திரமே எல்லாம் விதின்னுதான் சொல்லுது' என்பவர்கள் எந்த சாஸ்திரம் என்று சொல்லட்டும்.

## முயற்சியே விதி வழியாக வந்தால்?

வள்ளுவரை இரண்டு கட்சிக்காரர்களும் மேடைக்கு இழுப்பார்கள். 'ஊழிற் பெருவலி யாவுள' என்று 380-ஆம் குறளை ஒருவர் எடுத்தால், 'ஊழையும் உப்பக்கம் காண்பர்' என்று 620-ஐ மற்றவர் எடுப்பார். பட்டிமன்றம் அதோடு முடிந்துவிடும். இரண்டையும்விட ஆழமான குறள் ஊழ் அதிகாரத்தின் வாசலிலேயே இருக்கிறது:

ஆகூழால் தோன்றும் அசைவின்மை கைப்பொருள்
போகூழால் தோன்றும் மடி.

பொருள் சேர வேண்டிய ஊழ் இருந்தால் சோர்வில்லாத முயற்சி தோன்றும். பொருள் போக வேண்டிய ஊழ் இருந்தால் சோம்பல் தோன்றும். ஊழ் ஆளைச் சுற்றிக்கொண்டு பின்வாசல் வழியாக வரவில்லை. அது ஆளின் வழியாகவே, அவர் மனதில் எழும் ஊக்கமாகவும் சோம்பலாகவும் வருகிறது. விதிவாதத்தில் உங்கள் முயற்சிக்கு வேலை இல்லை. இங்கே முயற்சிக்குத்தான் வேலை. ஆனால் அந்த முயற்சி எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியிலிருந்து ஊழை எடுத்துவிட்டு இயற்கைக் காரணங்களை வைத்தால் கிடைப்பது காரண நியதி. நடப்பது ஒவ்வொன்றும் அதற்கு முந்தைய நிலையாலும் இயற்கை விதிகளாலும் முழுமையாகத் தீர்மானிக்கப்படுகிறது, மனித முடிவுகளும் விதிவிலக்கு இல்லை என்ற கருத்து அது. பிரெஞ்சுக் கணித அறிஞர் லாப்லாஸ் 1814-இல் இதைப் பிரபலமாக்கினார். ஒரு கணத்தில் உலகத்தின் எல்லாத் துகள்களின் இருப்பையும் எல்லா விசைகளையும் அறிந்து கணக்கிடக்கூடிய அறிவு ஒன்று இருந்தால், அதற்கு எதிர்காலமும் இறந்தகாலம் போலவே கண்முன் தெரியும் என்றார்.

இப்போது 700 அடியில் நிற்கும் நம் விவசாயியிடம் வருவோம். அவருடைய அப்பா கைக்கிணறு வெட்டி, எல்லோரும் நிறுத்தச் சொன்னபோது நிறுத்தாமல் ஊற்றைக் கண்டவர். அந்தக் கதையைக் கேட்டே வளர்ந்தவர் இவர். போன மாதம் பங்காளி தோட்டத்தில் 750 அடியில் தண்ணீர் வந்தது. சொசைட்டிக் கடன் இருக்கிறது. தென்னைமரம் காய்கிறது. இயல்பிலேயே கொஞ்சம் வீம்புக்காரர். இத்தனையும் சேர்ந்து அவர் வாயிலிருந்து "போடுங்க" என்ற சொல்லை வரவழைக்கின்றன. இவற்றில் எதையும் அவர் தேர்ந்தெடுக்கவில்லை, வீம்பைக்கூட. எல்லாம் தெரிந்த ஒருவரால் அவர் பதிலை முன்பே சொல்லியிருக்க முடியும். அவர் மனைவியைக் கேட்டால், "மனுசன் நிறுத்தமாட்டாருன்னு எனக்கு அப்பவே தெரியும்" என்றுதான் சொல்வார். லாப்லாஸ் கற்பனை செய்த பேரறிவுக்குப் பாதி வேலை நம் வீடுகளிலேயே நடக்கிறது.

கவனிக்க: காரண நியதியில் அவர் யோசித்தது வீண் இல்லை. யோசனையும் காரணச் சங்கிலியில் ஒரு கண்ணி. வேறு மாதிரி யோசித்திருந்தால் வேறு மாதிரி நடந்திருக்கும். விதிவாதத்துக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் அதுவே எல்லாம். இரண்டையும் ஒன்றாக நினைப்பதுதான் இந்த விஷயத்தில் நடக்கும் தப்புகளில் பெரியது.

## மூளை முந்திக்கொள்கிறதா?

'விஞ்ஞானிகள் சுதந்திர விருப்பம் இல்லைன்னு நிரூபிச்சிட்டாங்க' என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். அதன் பின்னால் இருப்பது பெரும்பாலும் மூளை ஆய்வாளர் பெஞ்சமின் லிபெட் 1983-இல் வெளியிட்ட ஆய்வு. வேகமாகச் சுற்றும் ஒரு கடிகாரப் புள்ளியைப் பார்த்தபடி, தோன்றும்போது மணிக்கட்டை அசைக்கச் சொன்னார்கள். அசைக்க வேண்டும் என்ற எண்ணம் எழுந்தபோது புள்ளி எங்கே இருந்தது என்று கேட்டுக்கொண்டார்கள். எண்ணம் அசைவுக்கு ஐந்தில் ஒரு பங்கு வினாடி முன்பு வந்தது. ஆனால் மூளையில் ஒரு மின்னேற்றம் அரை வினாடிக்கும் சற்று முன்னதாகவே தொடங்கியிருந்தது. ஆள் 'முடிவெடுப்பதற்கு' முன்பே மூளை கிளம்பிவிட்டது என்று இதற்குப் பொருள் கொண்டார்கள்.

அந்த விளக்கம் அவ்வளவு உறுதியானதல்ல. 2012-இல் ஷூர்கர் என்ற மூளை ஆய்வாளரும் கூட்டாளிகளும் இன்னொரு விளக்கம் கொடுத்தார்கள். மூளையில் எப்போதும் மேலும் கீழும் ஆடும் சலசலப்பு உண்டு. காரணமே இல்லாமல் கை அசைக்கச் சொன்னால், அந்த ஆட்டம் தற்செயலாக ஒரு வரம்பைத் தாண்டும் நேரத்தில் கை அசைகிறது. பல முறை அளந்து சராசரி எடுத்தால் அது முன்கூட்டியே மெல்ல ஏறுவதுபோலத் தோன்றும். 2008-இல் வந்த இன்னோர் ஆய்வு, இடது பொத்தானா வலது பொத்தானா என்பதை மூளைப் படத்திலிருந்து பல வினாடிகள் முன்பே கணித்தது. ஆனால் 100-க்கு ஏறக்குறைய 60 தடவைதான் சரி. குருட்டாம்போக்கில் சொன்னாலே 50 வரும்.

என்னுடைய மனத்தடை வேறு. காரணமில்லாமல் மணிக்கட்டை அசைப்பதையும், இன்னும் 100 அடி போடலாமா என்று வேர்த்து நின்று யோசிப்பதையும் ஒரே தராசில் வைக்க முடியுமா? முதலாவதில் யோசிக்க ஒன்றுமே இல்லை. முடிவெடுப்பதில் நாம் மதிக்கிற பகுதியை நீக்கிவிட்டு மிச்சத்தை அளந்திருக்கிறார்கள்.

## தற்செயல் சுதந்திரம் ஆகாது

குவாண்டம் இயற்பியலைக் கொண்டுவந்து சுதந்திரத்தைக் காப்பாற்றப் பார்ப்பவர்களும் உண்டு. அணுவுக்குள் சில நிகழ்வுகளை முன்கூட்டி உறுதியாகச் சொல்ல முடியாது, நிகழ்தகவுதான் சொல்லலாம், இது சரிதான். ஆனால் என் மூளைக்குள் ஏதோ ஓர் அணு தற்செயலாகத் துள்ளியதால் நான் "போடுங்க" என்றேன் என்றால், அது எப்படி என் முடிவு ஆகும்? காரணம் கட்டிப்போடுகிறது என்று பயந்து ஓடிப்போய்க் குருட்டு வாய்ப்பின் கையில் விழுகிறோம்.

இன்னொரு குழப்பமும் இங்கேயே தீர்ந்துவிடும். கணிக்க முடியாதது எல்லாம் கட்டுப்படாதது இல்லை. 1963-இல் வானிலை அறிஞர் எட்வர்ட் லோரன்ஸ் காட்டியபடி, திட்டவட்டமான விதிகளின்படி நடக்கும் எளிய அமைப்புகூடத் தொடக்கத்தில் நூலிழை மாறினால் முற்றிலும் வேறாகப் போய்விடும். மனிதர்களைக் கணிக்க முடியவில்லை என்பதை வைத்துச் சுதந்திரம் உண்டு என்று நிறுவ முடியாது.

## இணக்கவாதம்

மிச்சம் இருப்பது மூன்று நிலைப்பாடு. காரண நியதி உண்மை, ஆகவே சுதந்திரம் பொய் என்பது ஒன்று. சுதந்திரம் உண்மை, ஆகவே காரண நியதி பொய் என்பது இன்னொன்று. மூன்றாவது இணக்கவாதம்: இரண்டும் ஒன்றாக இருக்க முடியும், சுதந்திரம் என்பது காரணமே இல்லாமல் செயல்படுவது அல்ல, சரியான வகைக் காரணங்களால் செயல்படுவது. 18-ஆம் நூற்றாண்டில் ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் ஹியூம் இதற்கு வலுவான வடிவம் கொடுத்தார். இன்றைய தத்துவத் துறையில் ஆதரவு அதிகம் உள்ளதும் இதற்குத்தான்.

சரியான வகை என்றால்? விவசாயி தானே கணக்குப் பார்த்து "போடுங்க" என்றார், அதற்கும் காரணங்கள் உண்டு. கந்துவட்டிக்காரர் கழுத்தில் கை வைத்துச் சொல்ல வைத்தாலும் காரணம் உண்டு. சொல்வது ஒரே சொல்தான். முதலாவதில் காரணம் அவருடைய புரிதல் வழியாக வந்தது. யாராவது நல்ல நியாயம் சொல்லியிருந்தால் மாறியிருப்பார். இரண்டாவதில் அவருடைய நியாயத்துக்கு இடமே இல்லை. குடிக்கு அடிமையானவர், மனம் பிறழ்ந்தவர், இரண்டு வயதுக் குழந்தை என்று பாருங்கள்; நியாயத்தைக் கேட்டு மாறக்கூடிய திறன் எங்கே குறைகிறதோ அங்கே சுதந்திரமும் குறைகிறது. அது இருக்கு, இல்லை என்ற இரண்டே நிலை கொண்ட பொருள் அல்ல. கூடும், குறையும்.

சட்டமும் இந்த வழியில்தான் நடக்கிறது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 20-ஆம் பிரிவு, ஏழு வயதுக்குக் குறைந்த குழந்தை செய்தது எதுவும் குற்றமாகாது என்கிறது. 22-ஆம் பிரிவு, மனநலம் குன்றியதால் தான் செய்வது என்ன, அது தவறா என்று அறிய முடியாத நிலையில் இருந்தவரை விடுவிக்கிறது. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்திலும் இவை இருந்தன. உங்கள் மூளையில் நடந்ததற்கு முன்காரணம் இருந்ததா என்று எந்த நீதிபதியும் கேட்பதில்லை. புரிந்துகொண்டு நடக்கும் திறன் இருந்ததா என்றுதான் கேட்கிறார்.

எதிர்ப்பு இல்லாமல் இல்லை. ஜெர்மானியத் தத்துவ அறிஞர் கான்ட் இதை 1788-இலேயே பரிதாபமான சாக்குப்போக்கு என்று தள்ளினார். நியாயத்தைக் கேட்டு மாறும் திறனே எனக்குப் பிறப்பாலும் வளர்ப்பாலும் வந்தது என்றால், நான் பெருமைப்பட என்ன இருக்கிறது என்பதுதான் எதிர்ப்பவர்கள் பக்கத்துக் கேள்வி. நல்ல கேள்வி. இணக்கவாதத்தின் பக்கம் நிற்கும் எனக்கும் அதற்கு முழு விடை இல்லை.

## மீதமிருக்கும் கசப்பு

யார் எந்த வீட்டில், எந்தச் சாதியில், எத்தனை ஏக்கரோடு பிறக்கிறார்கள் என்பது எவருடைய முயற்சியும் அல்ல. இதை ஒப்புக்கொள்ள விதியை நம்ப வேண்டியதில்லை. கணியன் பூங்குன்றனார் புறநானூற்றின் 192-ஆம் பாட்டில் இதைத்தான் எடுத்தார். ஆற்று நீரின் போக்கில் போகும் தெப்பம் போல உயிர் முறைவழிப் போகிறது என்று சொல்லிவிட்டு, 'ஆகவே சும்மா இரு' என்று அவர் முடிக்கவில்லை. ஆகவே பெரியவர்களை வியக்கவும் மாட்டோம், சிறியவர்களை இகழ்வது அதைவிடவும் இல்லை என்று முடித்தார். வாழ்க்கை பெரும்பாலும் நம் கையில் இல்லை என்ற அறிவிலிருந்து அவர் எடுத்தது அடுத்தவரை எடைபோடுவது பற்றிய ஒரு முடிவு.

நாம் அதைத் தலைகீழாகச் செய்கிறோம். நம் பக்கத்து நூற்பாலைகள் பலவற்றில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் ஏழை வீட்டுப் பெண்பிள்ளைகளை மூன்று ஆண்டு ஒப்பந்தத்தில் எடுத்து, முடிவில் கல்யாணத்துக்கு மொத்தத் தொகை என்று சொல்லி விடுதியில் வைத்து வேலை வாங்கினார்கள். அதைப் பற்றிப் பேச்சு வந்தால் 'அதுக தலையெழுத்து' என்று கடந்துபோனவர்கள் நிறைய. அது தலையில் எழுதியதல்ல. யாரோ ஒருவர் ஆபீஸில் உட்கார்ந்து தயாரித்த ஒப்பந்தத் தாள். விதி என்ற சொல் பெரும்பாலும் மேலே இருப்பவர் கீழே இருப்பவரைப் பார்த்துச் சொல்வதாகவே இருக்கிறது என்பதைத் தத்துவப் புத்தகங்கள் அவ்வளவாகப் பேசுவதில்லை.

கடைசியாகத் தண்டனை. குற்றவாளிக்கும் அவனுடைய பாறையும் விரிசலும் உண்டு, அவற்றை அவன் தேர்ந்தெடுக்கவில்லை. ஊரைப் பாதுகாக்க அவனை அடைத்து வைக்கலாம், திருத்தப் பார்க்கலாம், மற்றவர்களை எச்சரிக்கலாம். இந்த மூன்றுக்கும் இணக்கவாதம் தரும் அளவு சுதந்திரம் போதும். இவை எதுவும் இல்லாமல், அவன் வேதனைப்பட்டே ஆக வேண்டும் என்பதற்காக மட்டும் வேதனைப்படுத்துவதற்கு அது போதாது என்றே நினைக்கிறேன். இணக்கவாதிகளிலேயே பலர் இதில் என்னோடு ஒத்துப்போகமாட்டார்கள்.